கடிகாரத்துக்குள் துடிக்கும் கல்

'குவார்ட்ஸ் கல்லைக் கையில் வைத்திருந்தால் அதன் அதிர்வு உடம்புக்குள் இறங்கும் என்கிறார்களே, உண்மையா?' என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். இறங்காது. ஆனால் குவார்ட்ஸ் அதிர்வது உண்மை. அந்தக் கதை எனக்கு மிகவும் பிடித்தது.

குவார்ட்ஸ் என்பது சிலிக்கான் டை ஆக்சைடு. மணலில் பெரும்பகுதி இதுதான். 1 முதல் 10 வரை போகும் மோஸ் கடினத்தன்மை அளவில் 7, அதனால் கண்ணாடியைக் கீறிவிடும். கொஞ்சம் இரும்பு கலந்து இயற்கைக் கதிர்வீச்சும் பட்டால் ஊதா நிறச் செவ்வந்திக்கல். அது போதை ஏறாமல் காக்கும் என்று பழைய கிரேக்கர்கள் நம்பினார்கள். நிறமற்ற குவார்ட்ஸை, இனி உருகவே முடியாதபடி இறுகிப்போன பனிக்கட்டி என்று நினைத்தார்கள். 'கிறிஸ்டல்' என்ற சொல்லே பனிக்கட்டிக்கான கிரேக்கச் சொல்லில் பிறந்ததுதான்.

சரி, அதிர்வுக்கு வருவோம். குவார்ட்ஸில் சிலிக்கான் பக்கம் நேர்மின் தன்மை, ஆக்சிஜன் பக்கம் எதிர்மின் தன்மை. உப்புப் படிகத்தை அழுத்தினால் ஒரு பக்கத்து நகர்வை எதிர்ப்பக்கத்து நகர்வு ஈடுகட்டிவிடும். குவார்ட்ஸிலோ அணுக்கள் திருகு திருகாகச் சுற்றி அமைந்திருக்கின்றன, அந்த ஈடுகட்டல் நடப்பதில்லை. சரியான திசையில் அழுத்தினால் நேர்மின்னின் மையமும் எதிர்மின்னின் மையமும் சற்றே விலகும். உடனே படிகத்தின் ஒரு முகத்தில் நேர்மின், எதிர்முகத்தில் எதிர்மின்! 1880இல் ழாக் கியூரி, பியர் கியூரி சகோதரர்கள் இதை அளந்து காட்டினார்கள். இது திருப்பியும் நடக்கும்: மின்னழுத்தம் கொடுத்தால் கல் நெளியும்.

கைக்கடிகாரத்துக்குள் இருப்பது, இசைக்கவை வடிவில் வெட்டிய சின்னஞ்சிறு குவார்ட்ஸ். மின்கலம் அதைத் தட்டிக்கொண்டே இருக்க, அது நொடிக்கு 32,768 முறை அதிரும். ஏன் இந்த விசித்திரமான எண்? இரண்டால் வகுத்துப் பாருங்கள்: 16,384, 8,192, 4,096... பதினைந்தாவது முறை வகுத்தால் மிஞ்சுவது 1. எளிய மின்சுற்று இப்படிப் பாதி பாதியாகக் குறைத்துக்கொண்டே வந்து, நொடிக்கு ஒரு துடிப்பை முள்ளுக்கு அனுப்புகிறது. இதை எத்தனை முறை நினைத்தாலும் எனக்குச் சிலிர்க்கும்.

1927இல் அமெரிக்காவின் பெல் தொலைபேசி ஆய்வகத்தில் முதல் குவார்ட்ஸ் கடிகாரம் உருவானது. கைக்கடிகாரமாகக் கடைக்கு வந்தது 1969இல், சீக்கோ (Seiko) நிறுவனத்தின் ஆஸ்ட்ரான். கியூரி சகோதரர்களிடம் 'இதனால் என்ன பயன்?' என்று கேட்டுப் பணத்தை நிறுத்தியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? உடனடிப் பயன் தெரியாத ஆய்வுக்கும் நிதி தர வேண்டும் என்று நான் பிடிவாதமாகச் சொல்வது இதனால்தான்.

அப்புறம், வாசகர் கேட்ட கைக்கு வருவோம். கடிகாரக் குவார்ட்ஸைச் சுமார் 25 டிகிரி செல்சியஸில் சரியாக ஓடும்படி வெட்டுகிறார்கள். அதைவிடக் குளிர்ந்தாலும் சூடானாலும் அது மெதுவாகும். குளிர்காலத்தில் கடிகாரத்தைக் கழற்றி வைக்காமல் கட்டியிருந்தால், உடம்புச் சூடு அதைச் சரியான நேரத்தில் ஓட வைக்க உதவும். கையிலிருந்து கல்லுக்குத்தான் ஏதோ போகிறது.