டூரிஸ்டாக வந்து மலேசியரைக் கட்டினால்: பிஆர் வரை எங்கெங்கே மாட்டுவீர்கள்

தமிழ்நாட்டிலிருந்து பெண் டூரிஸ்டாக வருகிறார். பினாங்கிலோ கோலாலம்பூரிலோ ஒரு கோயிலில் தாலி ஏறுகிறது. அடுத்த வாரமே கேள்வி வந்துவிடும்: "அண்ணே, பிஆர் எப்போ கிடைக்கும்?" பிஆர் என்றால் மலேசியாவில் நிரந்தரமாகத் தங்கும் உரிமை. கேட்பவர் பெரும்பாலும் மாப்பிள்ளைதான். தன் கையில் மலேசியக் குடிமகனுக்கான நீல ஐசி (அடையாள அட்டை) இருப்பதால் மனைவிக்கும் ஏதோ ஒன்று தானாக வந்துவிடும் என்று நினைத்துக்கொண்டிருப்பார். வராது. மலேசியரைக் கட்டிக்கொண்டதற்காக மட்டும் இந்த நாட்டில் ஒரு நாள் கூடுதலாகத் தங்கக்கூட உரிமை கிடையாது.

பாதை இதுதான். முதலில் தேசியப் பதிவு இலாகாவில் சட்டப்படி திருமணப் பதிவு. அந்தச் சான்றிதழை வைத்துக் குடிநுழைவுத் துறையில் நீண்டகால சமூக வருகை பாஸ். நம் ஆட்கள் ஸ்பௌஸ் விசா, ஸ்பௌஸ் பாஸ் என்று சொல்வது இதைத்தான். அந்தப் பாஸில் ஆண்டுக்கணக்கில் விடாமல் இருந்த பிறகு பிஆர் மனு. டூரிஸ்ட் முத்திரையிலிருந்து நேராக பிஆருக்குத் தாவ வழி கிடையாது. இருக்கிறது என்று யாராவது சொன்னால் அவர் உங்கள் பணத்தைப் பார்த்துப் பேசுகிறார் என்று அர்த்தம்.

30 நாளில் 28 போய்விடும்

இந்தியக் கடப்பிதழ் (பாஸ்போர்ட்) உள்ளவர்கள் 2023 டிசம்பர் 1 முதல் விசா இல்லாமல் வந்து 30 நாள் தங்கலாம். வருவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் இணையத்தில் வருகை அட்டையை நிரப்ப வேண்டும். அது இலவசம். அதற்கும் காசு வாங்குகிற ஏஜெண்டுகள் உண்டு, கொடுக்காதீர்கள்.

இப்போது பதிவு இலாகாவின் கணக்கைப் பாருங்கள். திருமண விண்ணப்பம் கொடுக்கும் முன் 7 நாள் இங்கே வசித்திருக்க வேண்டும். விண்ணப்பம் கொடுத்த பிறகு அந்த அறிவிப்பு 21 நாள் பலகையில் தொங்க வேண்டும். ஏழும் இருபத்தொன்றும் இருபத்தெட்டு. மீதி இரண்டு நாளில் கல்யாணப் பதிவை முடித்து, சான்றிதழை எடுத்து, குடிநுழைவுத் துறைக் கவுண்டரில் ஸ்பௌஸ் பாஸுக்கு மனுக் கொடுக்க வேண்டும். அந்த இரண்டு நாள் சனி ஞாயிறாக இருந்தால் முடிந்தது கதை. ஒரு துறை 30 நாள் கொடுக்கிறது, இன்னொரு துறை 28 நாள் கேட்கிறது. இரண்டும் ஒரே உள்துறை அமைச்சின்கீழ்தான் இருக்கின்றன. ஒருவரை ஒருவர் கேட்டுக்கொண்டதாகத் தெரியவில்லை.

இதோடு வெளிநாட்டவர் தனக்குக் கல்யாணம் ஆகவில்லை என்று காட்டும் சான்றிதழும் வேண்டும், தன் நாட்டுத் தூதரகத்தின் உறுதியோடு. இந்தியத் தூதரகம் இருப்பது கோலாலம்பூர் மொண்ட் கியாராவில். பினாங்குக்காரர்கள் அதற்கென்று ஒரு முறை பஸ் ஏற வேண்டும். ஊரிலிருந்து அடிப்படைப் பத்திரங்கள் எதுவும் எடுக்காமல் வந்தவர்கள் தூதரகக் கவுண்டரிலேயே திருப்பி அனுப்பப்படுவார்கள். அதற்குள் பத்து நாள் ஓடியிருக்கும்.

21 நாள் அறிவிப்பைத் தவிர்க்கச் சிறப்பு உரிமம் கேட்கச் சட்டத்தில் இடம் உண்டு. நீங்களாகக் கேட்டால்தான் அதைப் பற்றிச் சொல்வார்கள். அப்போதும் கிடைத்தே தீரும் என்று எண்ணி மண்டபம் பிடிக்க வேண்டாம்.

என்னைக் கேட்டால், முடிந்தவர்கள் கல்யாணத்தை ஊரிலேயே முடித்துப் பதிந்துவிடுவது நல்லது. தமிழ்நாட்டில் கல்யாணமான 90 நாளுக்குள் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிய வேண்டும். அதன்பின், கல்யாணத் தேதியிலிருந்து ஆறு மாதத்துக்குள் மலேசியத் தரப்பிலும் பதிய வேண்டும்; அங்குள்ள மலேசியத் தூதரகத்தில் செய்யலாம், அதற்குள் நாடு திரும்பிவிட்டால் இங்கே செய்யலாம். இந்த ஆறு மாதத்தை விட்டவர்கள் தாமதப் பதிவு என்று தனியாக அலைகிறார்கள். இந்தியப் பத்திரங்களுக்கு அப்போஸ்டில் முத்திரை (வெளிநாட்டில் காட்ட இந்திய அரசு தரும் சான்று) மட்டும் வாங்கிக்கொண்டு வந்துவிடாதீர்கள். மலேசியத் தூதரகத்தின் முத்திரையும் கேட்பார்கள். இங்கே வந்தபிறகு அதற்காகப் பத்திரத்தைக் கூரியரில் ஊருக்கு அனுப்பி வாங்குவது பெரிய தலைவலி.

நாள் பத்தவில்லை என்றால் எல்லை தாண்டித் தாய்லாந்தின் ஹாட்யாய் போய்த் திரும்பி வந்தால் புது 30 நாள் கிடைக்கும் என்பார்கள். சிலருக்குக் கிடைத்திருக்கும். ஆனால் அது அதிகாரியின் இஷ்டம். "போன மாதம்தானே வந்தாய், எதற்கு மறுபடியும்?" என்று கேட்டு எல்லையிலோ விமான நிலையத்திலோ திருப்பி அனுப்பினால், கணவர் இந்தப் பக்கம், மனைவி அந்தப் பக்கம். ஒவ்வொரு தடவையும் சுற்றிப் பார்க்க வந்தேன் என்று சொல்லிவிட்டுப் பிறகு மனைவி என்று மனுப் போட்டால், நேர்காணலில் அந்தக் கேள்வியும் வரும்.

இன்னொன்று. தொழிலாளர் பெர்மிட்டில் வந்தவர் இங்கே கல்யாணம் செய்துகொள்வதே அந்தப் பெர்மிட்டின் நிபந்தனைக்கு விரோதம். உணவகத்திலோ தொழிற்சாலையிலோ வேலை பார்க்கிற தம்பியைக் காதலித்த மலேசியப் பெண்கள் பலருக்கு இது பதிவுக் கவுண்டரில்தான் தெரியவருகிறது.

தாலி கட்டியது போதாதா?

போதாது. 1982 மார்ச் 1 முதல் முஸ்லிம் அல்லாதவர்களின் திருமணம் பதிவானால்தான் சட்டப்படி திருமணம். ஐயர் ஓதிய மந்திரமும் ஆயிரம் பேர் சாப்பிட்ட விருந்தும் இலாகாவின் கணக்கில் வராது. சில கோயில்களில் துணைப் பதிவாளராக நியமிக்கப்பட்டவர் இருப்பார், அவர் முன்னிலையில் பதிந்தால் செல்லும். கோயில் ரசீதையும் கல்யாண ஆல்பத்தையும் அதோடு குழப்பிக்கொள்ளாதீர்கள்.

இதில் அடிபடுவது பிள்ளைகள். தந்தை மலேசியர், தாய் வெளிநாட்டவர், பிள்ளை பிறக்கும்போது திருமணம் பதிவாகவில்லை என்றால் அந்தப் பிள்ளை சட்டத்தின் பார்வையில் தாயின் வழியைப் பின்பற்றும். பினாங்கு மருத்துவமனையில் பிறந்து பினாங்கிலேயே வளர்ந்தாலும் பிறப்புச் சான்றிதழில் 'குடிமகன் அல்ல' என்றுதான் வரும். பிறகு நீங்கள் போய்ப் பதிந்தாலும் அது தானாகச் சரியாகாது. தனியாகக் குடியுரிமைக்கு மனுப் போட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டும், அதுவரை பள்ளிக்கூடத்தில் ஒவ்வோர் ஆண்டும் விளக்கம் சொல்லிக்கொண்டு. நிறைய விஷயங்களில் பொறுமை காட்டலாம், இதில் முடியாது. பிரசவத்துக்கு முன் பதிந்துவிடுங்கள். மனைவி பிரசவத்துக்கு ஊருக்குப் போனால், பிள்ளை பிறந்த ஓராண்டுக்குள் அங்குள்ள மலேசியத் தூதரகத்தில் பதியுங்கள்.

ஒரே ஆள், மூன்று பெயர்

கவுண்டரில் அதிகம் பேர் திரும்பி வருவது பெயரால்தான். கடப்பிதழில் 'செல்வி கருப்பையா' என்று ஒரே கட்டத்தில் இருக்கும், குடும்பப் பெயர்க் கட்டம் காலியாக இருக்கும். பிறப்புச் சான்றிதழில் வெறும் 'செல்வி'. தமிழ்நாட்டுத் திருமணச் சான்றிதழில் 'க. செல்வி'. நமக்கு மூன்றும் ஒரே பெண். கவுண்டரில் இருப்பவருக்கு மூன்று பேர். ஏ/எல் (இன்னாரின் மகன்), ஏ/பி (இன்னாரின் மகள்) போட்டே பழகிய இலாகாவுக்குத் தலைப்பெழுத்து என்பது புரியாத சங்கதி. "இது யார்?" என்று பேனாவால் அந்தக் 'க'வைத் தட்டிக் கேட்பார்கள். இந்த மூன்றும் ஒரே ஆள் என்று தூதரகத்தில் ஒரு கடிதமோ, சத்தியப் பிரமாணப் பத்திரமோ வாங்கிக்கொண்டு வரச் சொல்வார்கள். முதலிலேயே எல்லாப் பத்திரங்களையும் மேசையில் பரப்பி, எழுத்து எழுத்தாக ஒப்பிட்டுப் பாருங்கள். தேதியையும் பாருங்கள். தமிழில் உள்ள பத்திரத்தை அவர்கள் ஏற்றுக்கொள்ளும் மொழிபெயர்ப்பாளரிடம் கொடுத்து மலாயிலோ ஆங்கிலத்திலோ மாற்றிக்கொள்ளுங்கள். உறவுக்காரர் மொழிபெயர்த்துக் கையெழுத்துப் போட்டது செல்லாது.

ஸ்பௌஸ் பாஸ் கவுண்டர்

கையில் உள்ள பாஸ் உயிரோடு இருக்கும்போதே மனுக் கொடுக்க வேண்டும். கணவன் மனைவி இருவரும் நேரில் போக வேண்டும். கணவர் லீவு கிடைக்கவில்லை என்று அம்மாவை அனுப்பினால் அன்றைய நாள் வீண். மலேசியரின் ஐசி, பிறப்புச் சான்றிதழ், திருமணச் சான்றிதழ், சம்பளச் சீட்டு, வங்கிக் கணக்கு, கல்யாணப் படங்கள், 10 ரிங்கிட் முத்திரைத் தீர்வை கட்டிய உத்தரவாதப் பத்திரம். மூலமும் நகலும் சேர்த்தே கொண்டுபோங்கள். பட்டியல் அலுவலகத்துக்கு அலுவலகம் கொஞ்சம் மாறும். தலைமை அலுவலகம் இருக்கும் புத்ராஜெயாவில் கேட்காததைப் பினாங்கில் கேட்பார்கள். ஆகவே, நீங்கள் மனுக் கொடுக்கப்போகிற அதே கவுண்டரில் போய் அவர்களுடைய பட்டியலை எழுத்தில் வாங்குங்கள். வாயால் சொன்னதை அடுத்த வாரம் வேறொருவர் வேறு மாதிரி சொல்வார்.

இருவரையும் தனித்தனியாக உட்காரவைத்துக் கேள்வி கேட்கலாம். எங்கே சந்தித்தீர்கள், மாமியார் பெயர் என்ன, வீட்டில் எத்தனை அறை. உண்மையைச் சொன்னால் போதும், மனப்பாடம் செய்துகொண்டு போனால்தான் உளறுவீர்கள்.

முடிவு வருவதற்குள் பழைய பாஸ் முடிந்துவிட்டால், தற்காலிகமாகத் தங்கச் சிறப்புப் பாஸ் கேட்க வேண்டும், 100 ரிங்கிட். "மனு உள்ளேதானே இருக்கிறது" என்று வீட்டில் உட்கார்ந்திருந்தால் அது சட்டப்படி ஓவர்ஸ்டே, அதாவது அனுமதி முடிந்தும் தங்குவது. குடிநுழைவுச் சட்டப்படி அதற்குக் குறைந்தது 10,000 ரிங்கிட் அபராதம், அல்லது 5 ஆண்டுவரை சிறை, அல்லது இரண்டும். திருமணச் சான்றிதழை நீட்டினாலும் இதிலிருந்து தப்ப முடியாது. ஓவர்ஸ்டே ஆனவர்களுக்கு அரசு அவ்வப்போது அறிவிக்கிற திருப்பி அனுப்பும் திட்டங்களும் ஊருக்குப் போகத்தான், இங்கே தங்குவதற்கு அல்ல.

பாஸ் கிடைத்தால் ஆண்டுக்கு 90 ரிங்கிட், விசாக் கட்டணம் தனி. முதலில் குறுகிய காலம் கொடுத்து, பிறகு கூட்டிக்கொண்டே போவார்கள். கடப்பிதழ் காலாவதியாகும் தேதிக்கு மேல் பாஸ் போகாது, ஆகவே முதலில் கடப்பிதழைப் புதுப்பியுங்கள். வேலைக்குப் போக வேண்டுமென்றால் குடிநுழைவுத் துறையிடம் தனியாக அனுமதி கேட்டு வாங்க வேண்டும். மாமாவின் உணவகத்தில் கல்லாவில் உட்கார்ந்தாலும் அது வேலைதான். சோதனைக்கு வருகிறவர்கள் உறவுமுறை கேட்க மாட்டார்கள்.

அப்புறம்தான் பிஆர்

ஸ்பௌஸ் பாஸில் தொடர்ந்து 5 ஆண்டு என்பது பல காலமாகச் சொல்லப்படுகிற கணக்கு. கொள்கை மாறுகிற விஷயம் இது, படிவம் எடுக்கிற நாளில் கவுண்டரில் கேட்டு உறுதிசெய்யுங்கள். 'தொடர்ந்து' என்ற வார்த்தையில்தான் ஆட்கள் விழுகிறார்கள். பாஸ் புதுப்பிக்க மறந்து விழுந்த இடைவெளி, அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று ஊரில் தங்கிய மாதங்கள், எல்லாம் முத்திரையில் தெரியும்.

மனுக் கொடுத்தால் எப்போது முடிவு வரும் என்று எழுதப்பட்ட கெடு எதுவும் இல்லை. ஆண்டுகள் ஆகும். "புத்ராஜெயாவில் இருக்கிறது" என்ற ஒரே பதில் வந்துகொண்டிருக்கும். நிராகரித்தால் காரணம் எழுதியிருப்பார்கள் என்று எதிர்பார்க்காதீர்கள்; மறுபடி மனுப் போடலாம். ஆகவே, மனுவைப் பெற்றுக்கொண்டதற்கான சீட்டும் கோப்பு எண்ணும் உங்கள் கையில் இருக்க வேண்டும். "எனக்கு உள்ளே பெரிய கேபிள் (செல்வாக்கு) இருக்கு" என்கிற ஏஜெண்டிடம் அவை இருந்தால், உங்கள் மனு உள்ளே போனதா என்றுகூட உங்களுக்குத் தெரியாது. மூலக் கடப்பிதழை யாரிடமும் விட்டுவைக்காதீர்கள். அடுத்தவர் கடப்பிதழைப் பிடித்து வைத்திருப்பது குற்றம்.

பிஆர் கிடைத்தால் சிவப்பு ஐசி. அதோடு வேலைத் தடை போகும், ஓட்டு வராது. வெளிநாடு போய்த் திரும்ப மறுநுழைவு அனுமதி வேண்டும்.

இத்தனை ஆண்டும் ஒவ்வொரு புதுப்பிப்புக்கும் மலேசியத் துணைவரின் கையெழுத்து வேண்டும் என்பதைச் சட்டம் எழுதியவர்கள் சாதாரணமாக எடுத்துக்கொண்டார்கள். வீட்டில் அது சாதாரணமாக இருப்பதில்லை. "கையெழுத்துப் போட மாட்டேன், ஊருக்கு அனுப்பிவிடுவேன்" என்பது சில கணவர்களின் தினசரி வசனம். அடி உதை இருந்தால் 1994ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைச் சட்டம் வெளிநாட்டு மனைவிக்கும் பொருந்தும். போலீஸ் புகார் கொடுக்கலாம், அரசு மருத்துவமனை அவசரப் பிரிவில் காயத்தைப் பதிவுசெய்யலாம், அரசின் தாலியான் காசே உதவி எண் 15999ஐ அழைக்கலாம், வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையத்துக்குப் போகலாம். பாஸ் முடிய இன்னும் மாதங்கள் இருக்கும்போதே போங்கள். முடிந்தபிறகு போனால் முதலில் பேசுவது உங்கள் ஓவர்ஸ்டேயைப் பற்றித்தான்.

கடப்பிதழ் புதிதாக மாற்றும்போது பழையதைத் தூக்கிப் போடாதீர்கள். நீங்கள் முதல்முறை நுழைந்த முத்திரையும் முதல் பாஸும் அதில்தான் இருக்கின்றன. பிஆர் நேர்காணலில் அதைக் கேட்பார்கள்.