நல்லெண்ணெயை ‘நல்ல எண்ணெய்’ என்று படித்த இயந்திரம்

போன வருடம் ஆனி மாதக் கடைசியில், விருதுநகர் பக்கத்து எண்ணெய் வியாபாரி ஒருவரின் கடை மாடியில் உட்கார்ந்திருந்தோம். மூன்று தலைமுறையாக நல்லெண்ணெய் வியாபாரம். எங்கள் ஏஜென்சி அவருக்கு முதல் தடவையாக ‘ஸ்ட்ராட்டஜி ரிப்போர்ட்’ போட்டுக் கொடுக்கிறது. 42 ஸ்லைடு. சந்தை அளவு, போட்டியாளர்கள், வாடிக்கையாளர் வகை, ஐந்து வருட வளர்ச்சிக் கோடு என்று எதற்கும் குறைவில்லை. முன்பெல்லாம் ஒரு மாதம் இழுக்கும் வேலையை ஏஐ வைத்து நாலே நாளில் முடித்திருந்தோம். எனக்கு உள்ளூர ஒரு மிதப்பு.

அண்ணாச்சி கடைசி ஸ்லைடு வரை வாயைத் திறக்கவில்லை. பிறகு கேட்டார்: “எல்லாம் சரி தம்பி. விளக்குக்கு ஊத்துறவங்க எங்க?”

சமையல் இருந்தது, சருமப் பராமரிப்பு இருந்தது, ‘ஆசிய உணவகங்கள்’கூட இருந்தன. வெள்ளிக்கிழமை விளக்கு இல்லை. கார்த்திகை இல்லை. சனிக்கிழமை சனீஸ்வரன் சந்நிதியில் எரியும் எள் தீபம் இல்லை. வாசலில் அம்மா ஏற்றும் அகல் விளக்கைப் பார்த்து வளர்ந்தவன்தான் நானும். ஆனாலும் எனக்கு அது தோன்றவே இல்லை. ரிப்போர்ட் அவ்வளவு முழுமையாகத் தெரிந்தது. அதில் எது இல்லை என்று தேடவே மனம் போகவில்லை.

திரும்பி வந்து எங்கே சறுக்கினோம் என்று பார்த்தோம். நாங்கள் ஏஐயிடம் ஆங்கிலத்தில் ‘செசமி ஆயில்’ சந்தையைப் பற்றிக் கேட்டிருக்கிறோம். உலகத்துக்குச் செசமி ஆயில் என்றால் கொரியாவிலும் சீனாவிலும் ஜப்பானிலும் வறுத்த எள்ளிலிருந்து எடுத்து, வாசனைக்காகச் சில சொட்டு விடும் எண்ணெய்தான் முதலில் நினைவுக்கு வரும். நம் ஊர் பாட்டில்களில் ‘ஜிஞ்செலி ஆயில்’ என்று அச்சடித்திருப்பது பச்சை எள்ளை ஆட்டியது. இட்லிப் பொடிக்கும் ஊறுகாய்க்கும் தலைமுழுக்குக்கும் விளக்குக்கும் போவது. ஏஐ பெரும்பாலும் இணையத்தில் இருப்பதைப் படித்துத்தான் கற்கிறது. அதில் கிட்டத்தட்டப் பாதி ஆங்கிலம். தமிழ் ஒரு சதவீதத்தைக்கூட எட்டாது. அந்தத் துளியிலும் எண்ணெய் வியாபாரத்தைப் பற்றி யார் எழுதி வைத்திருக்கிறார்கள்? அதெல்லாம் டீலர் தலையிலும் பில் புத்தகத்திலும் அல்லவா இருக்கிறது.

இயந்திரத்தை மட்டும் குறை சொல்ல முடியாது. மத்திய அரசின் 2011-12 குடும்பச் செலவுக் கணக்கெடுப்பில் கடுகு எண்ணெய், கடலை எண்ணெய், தேங்காய் எண்ணெய் ஒவ்வொன்றுக்கும் தனி வரிசை உண்டு. நல்லெண்ணெய் ‘மற்றவை’யில் கிடந்தது. எள்ளின் நெய்தான் எண்ணெய். எல்லா எண்ணெய்க்கும் பெயர் கொடுத்தது ‘மற்றவை’யில்! மக்கள்தொகைக் கணக்கும் அப்படித்தான். கடைசியாக எடுத்தது 2011-இல். அடுத்ததற்கு 2027 மார்ச்தான் அடிப்படைத் தேதி. ஆகவே ஏஐ உங்களுக்கு ‘இந்த மாவட்டத்தில் 25 முதல் 40 வயதுப் பெண்கள் இத்தனை லட்சம்’ என்று சொன்னால், ஒன்று அது பழைய கணக்கின் நீட்சி, இல்லையென்றால் வெறும் ஊகம். எது என்று அது தானாகச் சொல்லாது.

ஒன்பதாவது ஸ்லைடுதான் என் தூக்கத்தைக் கெடுத்தது. தென் மாவட்டங்களில் ஒரு போட்டி நிறுவனத்தின் சந்தைப் பங்கு, தசமப் புள்ளியோடு. எங்கிருந்து எடுத்தாய் என்று ஏஐயிடம் கேட்டோம். மன்னிப்புக் கேட்டுக்கொண்டு வேறொரு எண்ணையும் ஓர் ஆய்வறிக்கையின் பெயரையும் தந்தது. தேடினோம், அப்படி ஒரு அறிக்கையே இல்லை. இந்த மாதிரிக் கருவி எண்களைத் தேடி எடுத்து வருவதாக நாம் நினைக்கிறோம். அடிப்படையில் அது அடுத்து எந்தச் சொல் பொருந்தும் என்று கணித்து எழுதுகிறது. ‘சந்தைப் பங்கு’ என்று தொடங்கினால் அங்கே ஒரு சதவீதம் வருவதுதான் வழக்கம். அதனால் ஒரு சதவீதம் வரும். இணையத்தில் தேடிப் பார்த்துப் பதில் சொல்லும் வசதி வந்த பிறகு இது குறைந்திருக்கிறது, ஒழியவில்லை. இப்போது இணைப்பு கொடுக்கிறது, ஆனால் இணைப்பைத் திறந்தால் உள்ளே அந்த எண் இருக்காது.

சின்ன ஏஜென்சிகளுக்கு மட்டும் நேர்வது இல்லை இது. 2025-இல் ஆஸ்திரேலிய அரசின் வேலைவாய்ப்புத் துறைக்கு டெலாய்ட் என்ற பெரிய ஆலோசனை நிறுவனம் தயாரித்த அறிக்கையில் இல்லாத ஆய்வுக் கட்டுரைகளும், நீதிமன்றத் தீர்ப்பில் வராத ஒரு மேற்கோளும் இருந்தன. ஒரு பல்கலைக்கழக ஆய்வாளர்தான் கண்டுபிடித்துச் சொன்னார். திருத்திய பதிப்பில் ஏஐ பயன்படுத்தியதை ஒப்புக்கொண்டார்கள்; சுமார் 4,40,000 ஆஸ்திரேலிய டாலர் ஒப்பந்தத்தில் ஒரு பகுதியைத் திருப்பிக் கொடுத்தார்கள். அவர்கள் தாங்குவார்கள். எங்களைப் போன்றவர்களுக்கு ஒரு அண்ணாச்சி கோபித்துக்கொண்டால் அந்தத் தெருவிலேயே வேலை கிடைக்காது.

எண்களைவிட மொழி இன்னும் வேடிக்கை. வாடிக்கையாளர் கருத்துகளை அலச ஒரு கருவி வாங்கியிருந்தோம். ‘இந்த நல்லெண்ணெய் வாங்கி ஏமாந்துட்டேன்’ என்பது பாதி பாராட்டு, பாதி குறை என்று வந்தது. உள்ளே புகுந்து பார்த்தால் நல்லெண்ணெயை ‘நல்ல எண்ணெய்’ என்று ஆங்கிலத்தில் பெயர்த்து, அதற்கு ஒரு மதிப்பெண் போட்டிருக்கிறது. டீலர்கள் குறிப்பில் வந்த விளக்கெண்ணெயை விளக்கு ஏற்றும் எண்ணெய் என்று எடுத்துக்கொண்டது. அது ஆமணக்கு என்று எங்கள் அலுவலகத்து இளசுகளிலேயே இரண்டு பேருக்குத் தெரியவில்லை, அது வேறு கதை. ‘இந்த எண்ணெயில அப்பளம் பொரிச்சா அப்பளமே அழுதுரும், வேற லெவல்’ என்ற நக்கலுக்கு ஐந்துக்கு ஐந்து. இப்போது தமிழ்க் கருத்துகளில் நூறை எடுத்து முதலில் மனுஷர் வாசித்துக் குறிக்கிறார். கருவியின் முடிவோடு ஒப்பிட்டுப் பார்த்து, எவ்வளவு தவறுகிறது என்று தெரிந்த பிறகுதான் மீதியை அதனிடம் விடுகிறோம்.

அப்புறம் ப்ரியா. வயது 32, சென்னையில் ஐடி வேலை, ஆரோக்கியத்தில் அக்கறை, நேரம் இல்லை. எங்கள் ரிப்போர்ட்டின் கற்பனை வாடிக்கையாளர். சில வாரம் கழித்து இன்னொரு ஏஜென்சி ஒரு மசாலா நிறுவனத்துக்குக் காட்டிய ஸ்லைடுகளைப் பார்க்க நேர்ந்தது. அதிலும் ப்ரியா! வயது 31. எல்லாரும் ஒரே கருவியிடம் ஒரே கேள்வியைக் கேட்டால் எல்லாருக்கும் ஒரே ப்ரியாதான் வருவாள். போட்டியாளனுக்கும் அதே பதில் கிடைக்கும் என்றால் அதற்கு வாடிக்கையாளர் ஏன் காசு கொடுக்க வேண்டும்?

இரண்டாம் தடவை வேறு மாதிரி செய்தோம். உலகச் சந்தையை விட்டுவிட்டு அண்ணாச்சியின் மூன்று வருட பில்களைக் கேட்டோம். டேலி என்ற கணக்கு மென்பொருளிலிருந்து எடுத்த கோப்பு. ஒரே சரக்குக்கு ஏழு பெயர்: ‘ந.எ 1லி’, ‘ஜி.ஆயில் லிட்டர்’, வெறும் ‘லிட்டர்’ என்றுகூட. இங்கேதான் ஏஐ தன் கூலிக்கு வேலை செய்தது. பெயர்களை ஒன்று சேர்க்க, மாத வாரியாக, ஊர் வாரியாகப் பிரிக்க நிரல் எழுதிக் கொடுத்தது. கோப்பை ஏற்றும் முன் டீலர்களின் பெயர், போன் நம்பர் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு வெறும் குறியீட்டு எண் போட்டோம். இலவசக் கணக்கில் எதையும் ஏற்றவில்லை. 2023-இல் சாம்சங் ஊழியர்கள் நிறுவனத்தின் நிரலையே சாட்ஜிபிடியில் ஒட்டிவிட்டு, கடைசியில் நிறுவனம் அதற்குத் தடை போட்ட கதை நினைவிருக்கலாம். நம் நாட்டில் 2023-இன் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்கு 2025 நவம்பரில் விதிகளும் வந்துவிட்டன. அபராதம் 250 கோடி ரூபாய் வரை போகலாம். ‘எல்லாரும் பண்றாங்க’ என்பது பதில் ஆகாது.

முதல் கணக்கு கணக்குப்பிள்ளையின் மொத்தத்தோடு ஒத்துவரவில்லை. ரிட்டர்ன் பில்களையும் விற்பனையாகக் கூட்டியிருந்தது. திருத்திய பிறகு படம் தெளிந்தது. லிட்டர் பாட்டில் தீபாவளிக்கு முன் ஏறுகிறது. அது எல்லாருக்கும் தெரியும், விளம்பரப் பணம் முழுக்க அங்கேதான் போகிறது. 200 மில்லி பாக்கெட் மட்டும் ஆடிக்கு முன்பும் கார்த்திகைக்கு முன்பும், கோயில் ஊர்களில் மட்டும், தனியாகத் துள்ளுகிறது. ஏஐ அந்தத் துள்ளலைச் சரியாகக் காட்டியது. காரணம் என்று ‘மழைக்காலத் தேவை’ என எழுதியது. அண்ணாச்சி வாசித்துவிட்டுச் சிரித்தார்.

அடுத்து என்ன செய்யலாம் என்று கேட்டபோது, மலிவு விலையில் தனியாக ஒரு தீப எண்ணெய் பிராண்ட் தொடங்கச் சொன்னது. ஆறு காரணம், அத்தனையும் அழகு. அதே மேஜையில் வேறு உரையாடலைத் திறந்து, ‘தீப எண்ணெய் வேண்டாம் என்று நினைக்கிறோம், சரிதானா’ என்று கேட்டேன். மிகச் சரி என்று வேறு ஆறு காரணம் வந்தது. நீங்கள் சாய்கிற பக்கம் சாய்வது அதன் சுபாவம். அதனால் இப்போது எந்தப் பரிந்துரையையும் இரண்டு பக்கமும் வாதாட வைத்து, இரண்டையும் வாடிக்கையாளர் முன் வைக்கிறோம். முடிவை நாங்கள் எடுத்துக் கொடுப்பதில்லை. எந்த எண் உங்கள் பில்லிலிருந்து, எது அரசு வெளியீட்டிலிருந்து, எது ஏஐ ஊகம் என்று மூன்று நிறத்தில் காட்டுகிறோம். வணிகர்கள் தங்கள் ஏஜென்சியிடம் இதைக் கேட்டு வாங்குவது நல்லது. நிறம் பிரிக்கத் தயங்கினால், அவர்களுக்கே தெரியவில்லை என்று வைத்துக்கொள்ளலாம்.

அண்ணாச்சி இரண்டு பக்கத்தையும் வாசித்தார். “சாப்பிடக் கூடாத எண்ணெயில நம்ம பேரைப் போட்டா, நாளைக்குச் சாப்பிடுறவன் யோசிப்பாம்ல” என்றார். அந்த ஆறிலும் இந்த ஆறிலும் அது இல்லை. சாப்பிடும் அதே எண்ணெயை 200 மில்லியில், கார்த்திகைக்கு ஒரு மாதம் முன்பே மூன்று கோயில் ஊர்களுக்கு அனுப்பிப் பார்ப்பது என்று முடிவானது. தீபாவளி விளம்பரத்தில் கொஞ்சம் வெட்டி இங்கே போட்டோம்.

தை பிறந்ததும் பில் வந்தது. இரண்டு ஊரில் ஏறியிருந்தது, ஒன்றில் அசையவே இல்லை. ஏஐ அதற்கு ‘விலை உணர்வுள்ள வாடிக்கையாளர்கள்’ என்றது. நேரில் போன எங்கள் பையன் சாயங்காலம் போன் பண்ணினான். பஸ் ஸ்டாண்டை ஊருக்கு வெளியே மாற்றிவிட்டார்களாம். டீலர் கடை பழைய ஸ்டாண்ட் வாசலிலேயே இருக்கிறதாம்.