ஏற்றம் மூச்சை வாங்கும், இறக்கம் தொடையை வாங்கும்

நகரத்தை ஒட்டிய மலையில் விடியற்காலையில் ஏறி, மதியத்துக்குள் வீடு திரும்பும் அரைநாள் நடையில், ஏற்றத்தில் இரைத்த மூச்சு உச்சியில் சற்று உட்கார்ந்தால் அடங்கிவிடும். இறக்கமோ அலுங்காமல் முடிந்ததுபோலத் தோன்றும். ஆனால் மறுநாளும் அதற்கடுத்த நாளும் மாடிப்படி இறங்கக் கைப்பிடிச் சுவரைத் தேட வைப்பது அந்த இறக்கம்தான்.

ஏறும்போது முன்தொடைத் தசை சுருங்கி, முழங்காலை நிமிர்த்தி, உடலை மேலே தூக்குகிறது. 60 கிலோ எடையுள்ளவர் 500 மீட்டர் உயரம் ஏறுவதற்கான வேலை ஏறத்தாழ 70 கிலோகலோரி. தசை தான் எரிக்கும் ஆற்றலில் கால்பங்கையே வேலையாக மாற்றுவதால், செலவு 280 கிலோகலோரியை எட்டுகிறது. மூச்சு வாங்காமல் என்ன செய்யும்?

இறங்கும்போது அதே தசை பிரேக்காகிறது. முழங்கால் மடிய மடிய, இழுப்பைத் தளர்த்தாமலே அது நீண்டுகொடுக்க வேண்டும். 1952-இல் அபாட், பிக்லேண்ட், ரிச்சி ஆகிய ஆய்வாளர்கள் மூவர் இரண்டு சைக்கிள்களை ஒன்றுக்கொன்று முதுகுகாட்டி நிறுத்திச் சங்கிலியால் இணைத்தனர். ஒருவர் முன்னோக்கி மிதிக்க, மற்றவர் பின்னோக்கிச் சுழலும் பெடலை எதிர்த்து அழுத்தினார். இருவரும் கொடுத்த விசை சமமாக இருந்தும், எதிர்த்தவருக்குத் தேவைப்பட்ட ஆக்சிஜன் மிகக் குறைவு. நீளும் தசையின் நார் ஒவ்வொன்றும் கூடுதல் விசை தருவதால், குறைந்த நார்களே போதுமானதாகிவிடுகின்றன.

இந்தச் சிக்கனமே வினையாகிறது. பாரம் முழுவதும் சில நார்களின்மேல் விழ, அவற்றுள் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் இரண்டு மூன்று பங்கே நீளமுள்ள நுண்ணலகுகளில் வலுக்குறைந்தவை அளவுமீறி இழுபட்டுக் குலைகின்றன. அதைத் தொடரும் அழற்சி மெல்ல வளர்வதால்தான் வலி 24 முதல் 72 மணி நேரத்துக்குள் உச்சத்தைத் தொடுகிறது. பலரும் பழிக்கும் லாக்டிக் அமிலத்துக்கு இதில் பங்கில்லை; அது நடை முடிந்த ஓரிரு மணி நேரத்தில் வடிந்துவிடும்.

சில வாரங்களுக்குள் அதே மலையில் மீண்டும் இறங்கினால் வலி வெகுவாகக் குறையும், ஏனெனில் பழுதுபார்க்கப்பட்ட தசை அந்த இழுப்புக்குப் பழகியிருக்கும். பயிற்சிக்காக மாடிப்படி ஏறிவிட்டு லிஃப்டில் இறங்குபவருக்கு மட்டும் இந்தக் காப்பு வாய்ப்பதில்லை.