எச்.ஐ.வி. கட்டுக்குள் இருக்கிறது, கல்லீரல் எப்படி இருக்கிறது?

எச்.ஐ.வி.யை அடக்கும் ஏஆர்டி மாத்திரையை ஒரு நாள்கூட விடாதவர்கள் எங்கள் நோயாளிகளில் நிறையப் பேர். வைரல் லோடு, அதாவது ரத்தத்தில் உள்ள வைரஸ் அளவு, கண்டறிய முடியாத அளவுக்கு இறங்கியிருக்கும், சிடி4 எனும் நோயெதிர்ப்பு அணுக்கள் ஏறியிருக்கும், உடம்பும் தேறியிருக்கும். அப்படிப்பட்ட ஒருவர் வயிற்றில் நீர் கோத்து, கால் வீங்கி வரும்போது மனசு கேட்பதில்லை. எச்.ஐ.வி.யை ஒழுங்காகக் கவனித்தவர் அவர். யாருமே தேடிப் பார்க்காத ஹெபடைடிஸ் சி உள்ளே கல்லீரலைக் கெடுத்திருக்கிறது.

இரண்டு வைரஸ்களுமே ரத்தம் வழியாகப் பரவுபவை. போதை ஊசியைப் பகிர்ந்துகொண்டவர்கள், ரத்த வங்கிகளில் ஹெபடைடிஸ் சி பரிசோதனை கட்டாயமாவதற்கு முன் ரத்தம் ஏற்றிக்கொண்டவர்கள் போன்றோரிடம் இரண்டும் சேர்ந்திருக்க வாய்ப்பு அதிகம். எச்.ஐ.வி. உடனிருந்தால் கல்லீரலில் தழும்பு வேகமாகப் பரவும். மற்றவர்களுக்கு இருபது முப்பது வருடம் கழித்து வரக்கூடிய சிரோசிஸ் (தழும்பு முற்றிக் கல்லீரல் இறுகிப்போகும் நிலை) இவர்களுக்கு முன்னதாகவே வந்துவிடலாம். அதுவரை வலி, காமாலை எதுவுமே இல்லாமலும் இருக்கலாம்.

ஹெபடைடிஸ் சி இருக்கிறதா என்று பார்க்க முதலில் செய்வது ஆன்டிபாடி பரிசோதனை; வைரஸை எதிர்க்க உடம்பு உண்டாக்கிய பொருளை அது தேடும். அது பாசிட்டிவ் என்றதுமே பயந்துவிடாதீர்கள். வைரஸ் தானாகவோ சிகிச்சையாலோ போன பிறகும் ஆன்டிபாடி ரத்தத்தில் இருக்கும். வைரஸ் இப்போது இருக்கிறதா என்பதை வைரஸின் மரபணுப் பொருளையே தேடும் ஆர்என்ஏ பரிசோதனைதான் சொல்லும். சிடி4 ரொம்பக் குறைந்தவர்களுக்கு ஆன்டிபாடி நெகட்டிவ் என்று தவறாக வருவதும் உண்டு. அதனால் கல்லீரல் பாதிப்பைக் காட்டும் ரத்த அளவான எஸ்ஜிபிடி காரணம் தெரியாமல் கூடியிருந்தால் ஆர்என்ஏ பார்த்துவிடுவது நல்லது.

அடுத்து, தழும்பு எவ்வளவு இருக்கிறது என்று தெரிய வேண்டும். இதற்குப் பெரிய மெஷின் இல்லாமலே ஒரு கணக்குப் போடலாம், பெயர் ஃபிப்-4. வயதை எஸ்ஜிஓடி (எஸ்ஜிபிடி போன்ற இன்னொரு ரத்த அளவு) அளவால் பெருக்குங்கள். தட்டணுக்களை (பிளேட்லெட்) ஆயிரக்கணக்கில் எடுத்து, அதாவது 1,20,000 என்றால் 120 என்று, எஸ்ஜிபிடியின் வர்க்கமூலத்தால் பெருக்குங்கள். முதல் விடையை இரண்டாவதால் வகுக்க வேண்டும். ஐம்பது வயதுக்காரர் ஒருவருக்கு எஸ்ஜிஓடி 60, எஸ்ஜிபிடி 49, தட்டணுக்கள் 1,20,000 என்று வைத்துக்கொள்வோம். 3000-ஐ 840-ஆல் வகுத்தால் சுமார் 3.57. ரிப்போர்ட்டை மேலோட்டமாகப் பார்ப்பவர் “லேசா கூடியிருக்கு, அவ்வளவுதான்” என்பார். ஆனால் 3.25-க்கு மேல் போனாலே தழும்பு முற்றியிருக்க வாய்ப்பு அதிகம். 1.45-க்குக் கீழே இருந்தால் அந்த வாய்ப்பு குறைவு. தட்டணுக்கள் குறைந்ததை டெங்குக் காலத்தில் மட்டும் கவனித்தால் போதாது என்று நான் அடிக்கடி சொல்வது இதனால்தான்.

சரி, வைரஸ் இருப்பது உறுதியானால்? குணப்படுத்திவிடலாம். சோஃபோஸ்புவிர், டக்லடாஸ்விர் மாத்திரைகளை வழக்கமாக 12 வாரம் சாப்பிட்டால் நூற்றுக்கு 90-க்கும் மேற்பட்டோருக்கு வைரஸ் போய்விடுகிறது. இன்டர்ஃபெரான் ஊசிக் காலத்தில் எச்.ஐ.வி. உள்ளவர்களுக்குப் பலன் குறைவாக இருந்தது. இன்று அந்த வேறுபாடு கிட்டத்தட்ட இல்லை. 2018-இல் தொடங்கிய தேசிய வைரல் ஹெபடைடிஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் பரிசோதனையும் மருந்தும் இலவசம்.

என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்பதை டாக்டரிடம் ஒன்றுவிடாமல் சொல்லுங்கள். ஏஆர்டியில் டோலுடெக்ராவிர் எடுப்பவர்களுக்கு டக்லடாஸ்விர் அளவை மாற்ற வேண்டியதில்லை. எஃபாவிரென்ஸ் எடுப்பவர்களுக்கு டக்லடாஸ்விரை 60 மில்லிகிராமிலிருந்து 90 ஆகக் கூட்ட வேண்டும். காசநோய்க்கு ரிஃபாம்பிசின் எடுக்கும்போது சோஃபோஸ்புவிர், டக்லடாஸ்விர் மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கக் கூடாது. ஏஆர்டியை மட்டும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். அதிலுள்ள டெனோஃபோவிரும் லாமிவுடினும் ஹெபடைடிஸ் பி-யையும் அடக்கி வைப்பவை. பி உள்ளவர் நிறுத்தினால் அது சீறிக் கிளம்பலாம்.

“கொஞ்சமா குடிச்சா பரவாயில்லையா டாக்டர்?” என்று கேட்பவர்களுக்கு என் பதில், வேண்டாம் என்பதுதான். கல்லீரலுக்கென்று யாரோ கொடுக்கும் பெயர் தெரியாத லேகியமும் வேண்டாம்.

மாத்திரை முடிந்து 12 வாரம் கழித்து மறுபடி ஆர்என்ஏ பார்க்க வேண்டும். வைரஸ் இல்லையென்றால் குணமாகிவிட்டது என்று பொருள். ஆனால் அது எதிர்ப்புச் சக்தி தந்துவிடாது, ஊசியைப் பகிர்ந்தால் திரும்பவும் தொற்றும். ஏற்கெனவே சிரோசிஸ் வந்தவர்கள் குணமான பிறகும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேன் எடுக்க வேண்டும். கல்லீரல் புற்றுநோய் வரும் ஆபத்து குறையுமே தவிர, முழுதாகப் போகாது. எங்கே போவது என்று தெரியாதவர்கள் தங்கள் ஏஆர்டி மைய கவுன்சிலரிடம் கேட்கலாம், அல்லது 1097-ஐ இலவசமாக அழைக்கலாம்.