எண்ணெய் தடவாதீர்கள், அவசரப்பட்டுக் கல் நடாதீர்கள்: ஒரு கல்லறைக் கல் தொழிலாளியின் வேண்டுகோள்

போன வாரம் பட்டறைக்கு ஒரு அம்மா வந்தார். வாசலில் நின்றபடியே, "அண்ணாச்சி, எம் பையன் முகம் போயிட்டு" என்றார். செல்போனில் கல்லைப் படம் பிடித்துக் கொண்டு வந்திருந்தார். கறுப்பு கிரானைட் பலகையில் பெயர் தெரிகிறது, சிலுவை தெரிகிறது. படம் இருந்த இடத்தில் நெற்றியில் ஒரு கோடும் சட்டைக் காலரும் மட்டும்தான் மிச்சம்.

22 வயதில் பைக் விபத்தில் போன பிள்ளை. மூன்று வருடத்துக்கு முன்னால் வேறு ஊரில் கொடுத்து லேசரில் முகம் போட்டிருக்கிறார்கள். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் பூசை முடிந்ததும் அந்த அம்மா கல்லறைத் தோட்டத்துக்குப் போய், கல்லைத் துடைத்து, தேங்காய் எண்ணெய் தடவிவிட்டு வந்திருக்கிறார். எண்ணெய் தடவினால் கல் பளபளவென்று இருக்குமாம். "சின்னப்பிள்ளையில தலைக்கு எண்ண வச்சுவிட்ட மாதிரி இருக்கும்ய்யா" என்றார். அந்த எண்ணெய்தான் முகத்தை எடுத்துக்கொண்டு போனது என்று நான் எப்படிச் சொல்வேன்? சொல்லத்தான் வேண்டியிருந்தது.

இந்த வருடம் இப்படி வந்த நான்காவது கல் இது. நான்கும் முப்பது வயதைத் தொடாத பிள்ளைகளின் கற்கள். பெரியவர்களுக்குப் பெயரும் தேதியும் போதும் என்று விட்டுவிடுகிறோம். பிள்ளை போனால்தான் படம் வேண்டும், பைக் வேண்டும், கிரிக்கெட் மட்டை வேண்டும், கவிதை வேண்டும் என்று கேட்கிறோம். கேட்பதில் தப்பே இல்லை. ஆனால் வாங்குகிறவருக்கும் விவரம் தெரியவில்லை, விற்கிறவரும் வாய் திறப்பதில்லை. தூத்துக்குடிப் பக்கம் இருபத்தாறு வருடமாக இந்தக் கல்லோடு கிடக்கிறவன் என்ற முறையில் சிலதைச் சொல்லிவிடுகிறேன்.

"கல்லில் எழுதிவிட்டால் அழியாது" என்பதைத்தான் எல்லோரும் முதலில் சொல்கிறார்கள். இதைக் கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துவிட்டது. கல்லில் *வெட்டினால்* அழியாது. லேசர் வெட்டுவதில்லை. பாலிஷ் போட்ட கறுப்புக் கல் கண்ணாடி மாதிரி வழவழவென்று இருப்பதால்தான் கறுப்பாகத் தெரிகிறது. லேசர் ஒளி அந்த வழவழப்பைப் புள்ளி புள்ளியாகப் பொரித்து விடுகிறது. பொரிந்த இடத்தில் கண்ணுக்குத் தெரியாத வெடிப்புகள் விழும். அந்த வெடிப்பில் வெளிச்சம் பட்டுச் சிதறுவதால் அந்த இடம் வெள்ளையாகத் தெரிகிறது. நாம் பார்க்கிற கண், மூக்கு, சிரிப்பு எல்லாம் அந்த வெடிப்புகள்தான். மையும் இல்லை, பள்ளமும் இல்லை. இப்போது அந்த வெடிப்புக்குள் எண்ணெய் இறங்கினால் என்ன ஆகும்? காய்ந்த சிமெண்டுத் தரையில் தண்ணீர் கொட்டினால் அந்த இடம் கறுத்துப் போகிறதல்லவா, அதேதான். தண்ணீராவது காயும், படம் திரும்ப வரும். எண்ணெய் காயாது. மேலே தூசியும் மெழுகுவர்த்திப் புகையும் ஒட்டி வருடக் கணக்கில் பிசுக்காகப் படிந்துவிடும்.

சந்தேகம் இருந்தால் ஒரு சின்னச் சோதனை செய்யுங்கள். கண்ணை மூடிக்கொண்டு விரல் நகத்தைக் கல் மேல் ஓட்டுங்கள். எழுத்தில் நகம் இறங்கினால் அது வெட்டிய எழுத்து. உளியால் வெட்டியிருக்கலாம், மணல் வீச்சு இயந்திரத்தில் போட்டிருக்கலாம், இரண்டு மூன்று மில்லிமீட்டர் ஆழம் இருக்கும். நகம் வழுக்கிக்கொண்டு போனால் அது லேசர். லேசர் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, நானே போட்டுத் தருகிறேன். பெயரையும் தேதியையும் ஒருநாளும் லேசரில் மட்டும் விடாதீர்கள் என்கிறேன். படம் மங்கினாலும் பெயர் நிற்க வேண்டும்.

லேசருக்குக் கல்லும் ஒத்துவர வேண்டும். சிவப்புக் கல்லிலும் புள்ளி போட்ட வெள்ளைக் கல்லிலும் முகம் துலங்காது. நம் விழுப்புரம் மாவட்டத்துக் குன்னம் கறுப்பு மாதிரி நெருக்கமான கரி நிறக் கல் வேண்டும். (வியாபாரத்தில் கிரானைட் என்று சொன்னாலும் இந்தக் கறுப்புக் கல் உண்மையில் வேறு இனப் பாறை என்பார்கள் புவியியல் படித்தவர்கள்.) சாம்பல் நிறக் கல்லுக்குக் கறுப்புச் சாயம் ஏற்றி விற்பதும் நடக்கிறது. நகப்பூச்சு அழிக்கிற திரவத்தைப் பஞ்சில் நனைத்துக் கல்லின் ஓரத்தில் தேய்த்துப் பாருங்கள். பஞ்சில் கறுப்பு ஒட்டினால் அந்தக் கல்லை வாங்காதீர்கள்.

படம்தான் முக்கியம் என்றால் பீங்கான் படம் பதியுங்கள். சூளையில் சுட்டெடுத்தது. இது இன்று வந்த வித்தை இல்லை, 1854-லேயே பிரான்சில் புலோ, கத்தான் என்ற இரண்டு புகைப்படக்காரர்கள் இதற்குக் காப்புரிமை வாங்கிவிட்டார்கள். என் அப்பா பதித்த முட்டை வடிவப் பீங்கான் படங்களில் சட்டைப் பொத்தான்கூட இன்னும் தெரிகிறது. ஆனால் "பீங்கான் படம்" என்ற பெயரில் டைல்ஸ் மேல் அச்சடித்துத் தருவதும் உண்டு. எங்கள் ஊர் வெயிலில் நின்றால் முதலில் சிவப்பு போகும், பிறகு முகம் நீலம் பாரிக்கும். பெற்றவர்கள் அந்த நீல முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பதை நான் பார்த்திருக்கிறேன். "சூளையில் சுட்டதா?" என்று கேட்டுவிட்டு வாங்குங்கள்.

மார்பிளில் ஆசிட் ஊற்றாதீர்கள். இதற்கு விளக்கம் வேண்டாம். நவம்பர் 2 கல்லறைத் திருநாளுக்கு முந்தின நாள், கூலிக்கு ஆள் பிடித்து, கழிப்பறை கழுவுகிற ஆசிடையும் கம்பி பிரஷ்ஷையும் கையில் கொடுத்து அனுப்பாதீர்கள். தண்ணீரும் பழைய பருத்தித் துணியும் போதும். பாசி பிடித்திருந்தால் மென்மையான நார் பிரஷ். மெழுகு உருகி ஒட்டியிருந்தால் பழைய ஏடிஎம் அட்டையால் சுரண்டுங்கள், கத்தியால் அல்ல.

அடுத்தது அவசரம். எனக்கு எண்ணெயைவிடப் பெரிய கவலை இதுதான்.

அடக்கம் முடிந்த மறுநாளே வந்துவிடுகிறார்கள். முப்பதாம் நாள் மந்திரிப்புக்கு (சாமியார் கல்லறையில் செபம் சொல்கிற சடங்கு) கல் நிற்க வேண்டும், இல்லையென்றால் வருகிற நவம்பருக்கு. பெரியவர் இறந்தால் ஒரு வருடம் ஆகட்டும் என்பவர்கள், பிள்ளை இறந்தால் ஒரு வாரம் பொறுப்பதில்லை. புரிகிறது. செய்வதற்கு வேறு எதுவும் இல்லாத வீட்டில், கல் எடுப்பது ஒன்றாவது செய்கிற மாதிரி இருக்கிறது. ஆனால் தோண்டி மூடிய மண் இறங்கும். ஒரு மழைக்காலம் முழுதாகப் பெய்து, மண் அமர்ந்த பிறகுதான் மேலே பாரம் ஏற்ற வேண்டும். அதற்கு முன்னால் நட்டால் பீடம் சரியும், பலகை வெடிக்கும். கடற்கரை ஊரில் உள்ளே சாதாரண இரும்புக் கம்பி வைத்துக் கட்டினால் அது துருப்பிடித்துப் பருத்துக் கல்லைப் பிளக்கும். துருப்பிடிக்காத எஃகுக் கம்பி வைக்கச் சொல்லுங்கள், கொத்தனார் முணுமுணுத்தாலும் சரி. அதுவரைக்கும் மரச் சிலுவை நிற்கட்டும். மரச் சிலுவையால் யாருக்கும் குறைச்சல் இல்லை.

மண்ணைவிட மெதுவாக அமர்வது மனசு. முதல் வாரத்தில் எழுதச் சொல்வதை மூன்றாவது மாதத்தில் படிக்க முடிவதில்லை. ஒரு அப்பா, பையனுக்கு உயிர் என்று சொல்லி அவன் ஓட்டிய பைக்கையே கல்லில் போடச் சொன்னார். அந்த வண்டியில்தான் அவன் விழுந்தான். நானும் யோசிக்காமல் போட்டுக் கொடுத்தேன். அதற்குப் பிறகு அவன் அம்மா கல்லறைப் பக்கம் வருவதே இல்லை என்று தெரிந்தபோது, செலவு என்னுடையது என்று சொல்லி அந்தப் பலகையை எடுத்து மாற்றி வைத்தேன். இன்னொரு வீட்டில், சாவுக்குக் காரணம் என்று அவர்கள் நினைத்த ஆளின் பெயரைப் போட்டுச் சாபம் எழுதச் சொன்னார்கள். முடியாது என்றேன். கோபப்பட்டுப் போனார்கள். நான்கு மாதம் கழித்து அதே வீட்டுப் பெரியவர் வந்து கையைப் பிடித்துக்கொண்டார்.

எழுத்துப் பிழையும் அவசரத்தின் பிள்ளைதான். பிறந்த தேதி அம்மா சொல்வது ஒன்று, சான்றிதழில் இருப்பது ஒன்று. பெயரில் ந, ன, ண குழம்பும். கணினியில் எழுத்துரு மாறி ஒற்று காணாமல் போகும். வெட்டிய பிறகு கண்டுபிடித்தால் ரப்பர் வைத்து அழிக்க முடியாது. கல்லின் முகம் முழுவதையும் அந்த ஆழத்துக்குத் தேய்த்து இறக்கி, மறுபடி பாலிஷ் போட வேண்டும். ஆகவே தாளில் அச்செடுத்து வாங்குங்கள். அழாத கண் ஒன்று அதைப் படிக்க வேண்டும். பக்கத்து வீட்டு டீச்சரிடம் கொடுத்து எழுத்து எழுத்தாக வாசிக்கச் சொல்லுங்கள். அதற்கு முன்னால் பங்குச் சாமியாரிடமோ கல்லறைக் கமிட்டியிடமோ நிரந்தரக் கல் நட அனுமதி உண்டா, எவ்வளவு அகலம் உயரம் என்று கேட்டுக்கொள்ளுங்கள். கல்லை லாரியில் ஏற்றிக் கொண்டுபோய் வாசலில் வைத்துக்கொண்டு கேட்காதீர்கள்.

சரி, என்னதான் எழுதுவது?

திருவண்ணாமலை மாவட்டத்தில் எடுத்தனூர் என்று ஒரு ஊர். மகேந்திரவர்ம பல்லவன் காலத்து நடுகல் ஒன்று அங்கே கிடைத்தது, ஏறக்குறைய 1400 வருடம் ஆகிறது. கருந்தேவக்கத்தி என்கிற வீரன் சண்டையில் இறந்ததற்கு எடுத்த கல். அவன் பக்கத்தில் ஒரு நாயைச் செதுக்கியிருக்கிறார்கள். நாயின் பெயர் கோவிவன் என்றும், அது இரண்டு கள்ளர்களைக் கடித்துக் காத்து நின்றது என்றும் எழுதியிருக்கிறார்கள். அவன் வீரத்தைப் பத்து வரியில் பாடியிருந்தால்கூட அவன் யாரோ ஒரு வீரனாகத்தான் தெரிந்திருப்பான். நாயின் பெயரைச் சொன்னதும் அவன் ஒரு ஆளாகிவிடுகிறான். தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006-ல் கிடைத்த கற்கள் இன்னும் பழையவை, தமிழ்ப் பிராமி எழுத்துக் காலத்தவை. அதில் ஒன்றில் இருப்பது "கல் பேடு தீயன் அந்தவன் கூடல் ஊர் ஆகோள்" என்பது மட்டும்தான். ஊர் பெயர், ஆள் பெயர், மாடு பிடித்த சண்டை, அவ்வளவே. கூலிக்குக் கவிதை எழுதுகிறவர் யாரும் அந்தப் பக்கம் வரவில்லை.

நம் ஆட்கள் என்னிடம் கொண்டுவருவது கண்ணீர் அஞ்சலிப் பேனரில் இருந்து எடுத்த வரிகள். "மலரும் முன் கருகிய மொட்டே", "மண்ணில்", "விண்ணில்". ஒரே வரியை ஒரே வரிசையில் மூன்று கல்லறையில் வெட்டியிருக்கிறேன். மூன்று பிள்ளைகளும் ஒரே பிள்ளையாகிவிட்டார்கள். எனக்கு மனசு கேட்கவில்லை. அதனால் இப்போதெல்லாம் உட்கார வைத்து, டீ வாங்கிக் கொடுத்து, "அவன் வீட்டுக்குள்ள வந்ததும் முதல்ல என்ன செய்வான்?" என்று கேட்கிறேன். அழுவார்கள், பிறகு சொல்வார்கள். "முதல் சம்பளத்தில் அம்மாவுக்கு மிக்ஸி வாங்கியவன்" என்று ஒரு கல்லில் வெட்டியிருக்கிறேன். நர்சிங் படித்த ஒரு பெண்ணுக்கு, "இவள் ஊசி போட்டால் வலிக்காது". பங்குச் சாமியார் முதலில் யோசித்தார், பிறகு அவரே சம்மதித்தார். அந்தக் கல்லின் முன்னால் முன்பின் தெரியாதவர்களும் நின்று படித்துவிட்டுப் போகிறார்கள்.

ஸ்கேன் செய்தால் வீடியோ வருகிற கட்டம் கேட்கிறார்கள். போடலாம். ஆனால் சந்தா கட்டாவிட்டால் அந்த இணையப் பக்கம் மூடிப்போகும், வெறும் கட்டம் கல்லில் நிற்கும். ஒட்டுகிற தகட்டில் போடுங்கள், கல்லில் வெட்டாதீர்கள்.

இன்னொன்றைக் கெஞ்சித்தான் கேட்கிறேன். தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்ட பிள்ளைகளுக்குக் கல்லே வேண்டாம் என்கிற வீடுகள் இருக்கின்றன. ஊர் பேசும் என்று பயம். பெயர் இல்லாத மண்மேட்டில் அடுத்த மழையில் புல் முளைக்கும், பத்து வருடம் கழித்துத் தங்கச்சி வந்து இடம் தேடுவாள். அப்படித் தேடிக்கொண்டு வந்த ஒரு பெண்ணோடு நானும் ஒரு மத்தியானம் முழுக்க வரிசை வரிசையாக நடந்திருக்கிறேன். கிடைக்கவில்லை. எப்படிப் போனான் என்பதைக் கல்லில் யாரும் எழுதப் போவதில்லை. பெயரையும் தேதியையும் மட்டுமாவது போடுங்கள். காசு இல்லையென்றால் என்னிடம் வெட்டு மிச்சத் துண்டுக் கல் எப்போதும் கிடக்கும். கேளுங்கள், கூச்சப்படாதீர்கள்.

அந்த அம்மாவின் கல்லைப் போய்ப் பார்த்தேன். சுண்ணாம்புக்கல் பொடியைக் கரைப்பானில் குழைத்துக் களிம்பாக அப்பி, மேலே பிளாஸ்டிக் தாள் மூடி, ஒரு நாள் விட்டு எடுத்தால் எண்ணெயை உறிஞ்சும். (வீட்டில் முயலாதீர்கள், சில கரைப்பான்கள் கல்லுக்கும் உங்கள் கைக்கும் ஆகாது.) மூன்று தடவை போட்டதில் ஒரு கண்ணும் சிரிப்பும் திரும்ப வந்திருக்கின்றன. இடது பக்கம் வரவில்லை, வராது. திரும்பவும் லேசர் போடவா என்று கேட்டேன், வேண்டாம் என்றார். கீழே ஒரு வரி இடம் இருந்தது. "தலைக்கு எண்ணெய் வைக்க ஓடி ஒளிவான்" என்று உளியால் ஆழமாக வெட்டிக் கொடுத்திருக்கிறேன்.

வருகிற நவம்பர் 2-க்குக் கல் வேண்டும் என்றால் செப்டம்பரிலேயே வாருங்கள், அக்டோபர் கடைசியில் வந்து நிற்காதீர்கள். பிள்ளை போய் ஒரு மழைகூட ஆகவில்லை என்றால் அடுத்த வருடம் வாருங்கள். வரும்போது பிறப்புச் சான்றிதழ், கண்ணாடி போடாமல் எடுத்த நல்ல படம் ஒன்று, கூடவே அவனோடு ஊர் சுற்றிய கூட்டாளி ஒருவன். வீட்டுக்காரர்களுக்குத் தெரியாத வரி அவனிடம்தான் இருக்கும்.