ஆக்சிஜன் லான்ஸ்: தானும் எரிந்து இரும்பையும் அறுக்கும் குழல்

ஆக்சிஜன் லான்ஸ் என்பது நீளமான ஓர் இரும்புக் குழாய். ஒரு முனையில் கைப்பிடியும் வால்வும் இருக்கும், அதற்குப் பின்னால் ஆக்சிஜன் வரும் ஹோஸ். மறுமுனையை கேஸ் கட்டரால் செக்கச்செவேல் என்று சூடாக்கி வால்வைத் திறந்தால், குழாயின் வாய் பற்றி எரியத் தொடங்கும். எரிகிற அந்த வாயை இரும்புப் பாளத்தில் வைத்து அழுத்தினால் பாளம் உருகிக் குழம்பாக வழியும், துளை உள்ளே இறங்கிக்கொண்டே போகும். குழாயும் கூடவே கரைந்து குட்டையாகும். சில நிமிடங்களில் தீர்ந்துவிடும், அப்புறம் அடுத்த குழாயை மாட்ட வேண்டும்.

கேஸ் கட்டரில் எரிபொருளாகும் அசிட்டிலீனோ எல்.பி.ஜி.யோ இங்கே இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். பற்றவைக்கும்போது மட்டும்தான் வேறு நெருப்பு தேவை. அதன்பின் எரிபொருள் அந்தக் குழாயின் இரும்பே. காற்றில் மெல்லத் துருப்பிடிக்கும் இரும்பு, சிவக்கச் சூடேறிய நிலையில் தூய ஆக்சிஜனைச் சந்தித்தால் விறகைப் போல எரிகிறது. ஒரு கிராம் இரும்பு எரிந்தால் ஏறக்குறைய 6.7 கிலோஜூல் வெப்பம் வெளிவரும். அதே ஒரு கிராமைச் சாதாரண வெப்பநிலையிலிருந்து உருக்க 1.3 கிலோஜூல் அளவே போதும். வெளியே வீணாகும் வெப்பம் போனாலும் பாளத்தை உருக்க நிறையவே மிஞ்சும். இரும்பின் உருகுநிலை 1538 டிகிரி செல்சியஸ். குழாய் வாயின் வெப்பம் 3,000 டிகிரிக்கு மேல் போகும் என்று இதைத் தயாரிப்பவர்கள் குறிப்பிடுகிறார்கள்.

குழாய்க்குள் மெல்லிய இரும்புக் கம்பிகளை நெருக்கமாக அடைத்தால் எரியும் பரப்பு கூடும், வெப்பமும் கூடும். அந்த வகைக்குத்தான் தெர்மல் லான்ஸ் என்று பெயர். சிலவற்றில் அலுமினியம் அல்லது மக்னீசியம் கம்பிகளையும் சேர்ப்பார்கள். கான்கிரீட்டைக்கூட அது துளைக்கும்.

சாதாரண கேஸ் கட்டிங் இருக்கும்போது இது எதற்கு? கேஸ் கட்டிங் மென்னெஃகில் (கார்பன் குறைந்த சாதாரண எஃகில்) அழகாக நடப்பதற்குக் காரணம், இரும்பு எரிந்து உண்டாகும் ஆக்சைடு 1377 டிகிரியிலேயே, அதாவது இரும்புக்கு முன்பே, உருகி வழிந்துவிடுவதுதான். வார்ப்பிரும்பில் கதை தலைகீழ். அது 1200 டிகிரிக்குள்ளாகவே உருகிவிடும், ஆக்சைடு உருகாமல் மேலே மூடிக்கொள்ளும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் குரோமியம் ஆக்சைடு தடுக்கிறது, அது உருக 2,400 டிகிரிக்கு மேல் வேண்டும். இன்னொரு சிக்கல் பருமன். ஓரளவுக்கு மேல் தடித்த பாளத்தில் கட்டரின் தீ அடிவரை எட்டாது. லான்ஸ் அப்படியல்ல. எரியும் இடத்தையே பாளத்தின் உள்ளுக்குக் கொண்டுபோகிறது. எரிந்த குழாயின் ஆக்சைடு கசடாக ஓடி, அடைத்து நிற்கும் மற்ற ஆக்சைடுகளையும் கரைத்து இழுத்துவருகிறது.

இதன் பிறப்பிடம் ஊதுலை, அதாவது தாதுவிலிருந்து இரும்பை உருக்கியெடுக்கும் பெரிய உலை. உருகிய இரும்பை வெளியே விடும் துளை சில சமயம் உறைந்து அடைத்துக்கொள்ளும். அதைத் திறக்க ஆக்சிஜனைப் பயன்படுத்தும் முறையை 1901இல் ஜெர்மனியில் எர்ன்ஸ்ட் மென்னே கொண்டுவந்தார். காற்றைத் திரவமாக்கி ஆக்சிஜனைப் பிரிக்கும் தொழில் அப்போதுதான் காலூன்றிக்கொண்டிருந்தது. ஆக்சிஜன் சிலிண்டர்களில் மலிவாகக் கிடைக்காத காலத்தில் இப்படி ஒரு கருவியை நினைத்தே பார்த்திருக்க முடியாது.

ஊதுலையில் இதற்கு இன்னொரு பெரிய வேலையும் உண்டு. உலையை நிறுத்தும்போது, துளைக்குக் கீழே அடியில் தங்கிய இரும்பு ஒரே கட்டியாக உறைந்துவிடும். பெரிய உலைகளில் அது நூற்றுக்கணக்கான டன் இருக்கும். தீயில் வாழ்வதாக ஒரு காலத்தில் நம்பப்பட்ட உயிரின் பெயரால் ஆங்கிலத்தில் அதற்கு சாலமாண்டர் என்று பெயர். ஜெர்மன்காரர்கள் உலைப்பன்றி என்ற பொருளில் ஓஃபென்ஸாவ் என்பார்கள். லான்ஸால் அதில் ஆழமாகத் துளைகள் போட்டு, வெடிமருந்து வைத்துப் பிளந்து, துண்டு துண்டாக வெளியே எடுப்பார்கள்.

சரி, சொல்லுக்கு வருவோம். ஆக்சிஜன் லான்ஸைத் தமிழில் எப்படி அழைப்பது? லான்ஸ் என்பதன் மூலம் லான்சியா என்ற லத்தீன் சொல். எறியும் இலகுவான ஈட்டி என்று பொருள். அது லத்தீனுக்கே சொந்தமல்ல, ஸ்பெயின் பக்கத்துச் சொல் என்று ரோமானிய அறிஞர் வர்ரோ கருதியிருக்கிறார். பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. அறுவை மருத்துவரின் சிறு கத்தியான லான்செட்டும் இதன் வழிவந்ததே. பிரெஞ்சில் தீயணைப்பு ஹோஸின் முனைக்குழாயையும் லான்ஸ் என்றே அழைக்கிறார்கள். நீண்ட கோல், அதன் நுனியிலிருந்து ஏதோ ஒன்று பாய்கிறது என்ற சாயல்தான் இந்தப் பெயர்களை இணைக்கிறது.

ஆக்சிஜன் என்பது பிரெஞ்சு வேதியியலாளர் லவாய்சியே 1777 வாக்கில் கிரேக்க வேர்களிலிருந்து அமைத்த பெயர், அமிலத்தை உண்டாக்குவது என்று பொருள். தமிழில் பிராணவாயு, உயிர்வளி என்கிறோம். இலங்கைப் பாடநூல்கள் ஒட்சிசன் என்று எழுதும். இது தனிமத்தின் பெயர் என்பதால் ஆக்சிஜன் என்றே வைத்துக்கொள்ளலாம் என்பது என் கருத்து. மாற்ற வேண்டியது லான்ஸைத்தான்.

நேரடியாக மொழிபெயர்த்தால் வெப்ப ஈட்டி. பார்வைக்கு நன்றாகவே இருக்கிறது. தமிழில் எஃகு என்ற சொல்லே வேல், ஈட்டி போன்ற படைக்கலத்தையும் குறித்திருக்கிறது. செல்வத்தைப் பற்றி 'செறுநர் செருக்கறுக்கும் எஃகதனிற் கூரிய தில்' என்று குறள் சொல்லும்போது அங்கே எஃகு ஆயுதம்தான். ஆனாலும் ஈட்டி என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. குத்தியபின் ஈட்டி ஈட்டியாகவே இருக்கும். இந்தக் கருவியோ தன்னையே கொடுத்து வேலையை முடிக்கிறது. கருவியின் உயிர்நாடியான அந்தச் செய்தி பெயரில் வர வேண்டும்.

அதனால் நான் முன்வைப்பது எரிகுழல். வினைத்தொகை. எரிந்த குழல், எரிகின்ற குழல், எரியும் குழல் என முக்காலத்துக்கும் பொருந்தும். கம்பி அடைத்த தெர்மல் லான்ஸைக் கம்பி எரிகுழல் எனலாம்.

இதில் இன்னொரு நன்மையும் இருக்கிறது. எஃகு ஆலையில் லான்ஸ் என்ற பெயரில் வேறொரு கருவியும் உண்டு. 1952இல் ஆஸ்திரியாவின் லின்ஸ் நகரில் தொடங்கிய, எஃகு தயாரிக்கும் எல்.டி. முறையில், உருகிய இரும்பின்மேல் ஆக்சிஜனை மேலிருந்து பீய்ச்சுவார்கள். ரூர்கேலா ஆலை வழியாக இந்தியாவுக்கு வந்த முறை அது. அந்த லான்ஸுக்குள் தண்ணீர் ஓடிக் குளிர்வித்துக்கொண்டே இருக்கும். அது எரியக் கூடாது, எரிந்தால் விபத்து. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே பெயர். தமிழில் அதை ஊதுகுழல் என்றும் இதை எரிகுழல் என்றும் பிரித்துவிட்டால் குழப்பமே வராது.

வேலைக்குப் புதிதாக வருபவருக்கு இந்தப் பெயரே ஒரு எச்சரிக்கையாகவும் இருக்கும். எரிகுழல் குட்டையாகிக்கொண்டே வரும், கைப்பிடிக்கு எட்டும்வரை எரியவிடக் கூடாது. போதிய நீளம் மிச்சமிருக்கும்போதே வால்வை மூட வேண்டும். ஆக்சிஜன் பொருத்துகளில் எண்ணெயோ கிரீஸோ படக் கூடாது. துளைக்கும் இடத்தில் தண்ணீர் தேங்கியிருந்தால் அது ஒரே நொடியில் நீராவியாகி உருகிய இரும்பை வாரி இறைக்கும். அதனால் பாளம் முழுக்க உலர்ந்திருப்பதை உறுதிசெய்த பிறகுதான் எரிகுழலைப் பற்றவைக்க வேண்டும்.