'பிட்ரே': துரோகமா, காட்டிக்கொடுத்தலா?

ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு வரும் கதைகளில் இப்படி ஒரு வாக்கியம் அடிக்கடி கண்ணில் படுகிறது: 'அவள் குரல் அவளுக்குத் துரோகம் செய்தது.' பயத்தை மறைத்துப் பேசப் பார்த்தாள், குரல் நடுங்கிவிட்டது, அவ்வளவுதான் சங்கதி. இதில் துரோகம் எங்கிருந்து வந்தது? மூலத்தில் இருப்பது 'பிட்ரே' (betray) என்ற ஆங்கில வினை. அகராதியைப் புரட்டினால் 'துரோகம் செய்' என்பது முன்னால் வந்து நிற்கும். அதை அப்படியே எடுத்து வைத்துவிடுகிறார்கள். 'குரலே அவளைக் காட்டிக்கொடுத்துவிட்டது' என்றுதான் நம் வீடுகளில் சொல்வோம். கையில் இருக்கும் சொல்லை விட்டுவிட்டு இப்படி எழுதுவதைப் பார்த்தால் மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது.

பிட்ரேயின் வேரில் இருப்பது துரோகம் அல்ல, கொடுத்தல். லத்தீனில் 'த்ராதெரே' என்றால் கைமாற்றிக் கொடுத்தல், ஒப்படைத்தல். அப்பால் என்று பொருள்படும் 'த்ரான்ஸ்', கொடு என்று பொருள்படும் 'தாரே' இரண்டும் சேர்ந்த சொல் அது. பழைய பிரெஞ்சில் 'த்ரயீர்' என்று தேய்ந்து, 13ஆம் நூற்றாண்டு ஆங்கிலத்தில் 'பி' என்ற முன்னொட்டோடு வழக்குக்கு வந்தது. துரோகியைக் குறிக்கும் 'ட்ரெய்ட்டர்' இதே வேர்தான். மரபைக் குறிக்கும் 'ட்ரடிஷன்' என்பதும் இதே வேர்தான். பாட்டன் பேரனுக்குக் கையளிப்பதும், கூட இருந்தவனை எதிரி கையில் ஒப்படைப்பதும் அந்த மொழியில் ஒரே வினையிலிருந்து பிறந்திருக்கின்றன.

கிரேக்கத்திலும் இதே கதைதான். அதைக் கேட்க மொழிநூல் படிக்க வேண்டாம். குமரி மாவட்டத்தில் ஏதாவது ஒரு சி.எஸ்.ஐ. சபையில், திருவிருந்து ஆராதனையில் உட்கார்ந்தால் போதும். பவுல் எழுதிய வரி, 1 கொரிந்தியர் 11:23: 'நான் உங்களுக்கு ஒப்புவித்ததைக் கர்த்தரிடத்தில் பெற்றுக்கொண்டேன்' என்று தொடங்கி, 'கர்த்தராகிய இயேசு தாம் காட்டிக்கொடுக்கப்பட்ட அன்று இராத்திரியிலே' என்று போகும். கிரேக்க மூலத்தில் 'ஒப்புவித்தது', 'காட்டிக்கொடுக்கப்பட்ட' இரண்டுக்கும் ஒரே வினை, 'பரதிதோமி'. தமிழாக்கியவர்கள் அதை இரண்டாகப் பிரித்தார்கள். நல்லதைக் கையளித்த இடத்தில் 'ஒப்புவி', யூதாஸ் வரும் இடத்தில் 'காட்டிக்கொடு'. 'துரோகம் செய்யப்பட்ட இராத்திரி' என்று போட்டிருந்தால் அவன் செய்த காரியமே மறைந்துபோயிருக்கும். 30 வெள்ளிக்காசுக்குப் பேசி முடித்து, ராத்திரியில் ஆளும் ஆயுதமுமாகக் கூட்டத்தைக் கூட்டிவந்து, முத்தம் கொடுத்து இவர்தான் என்று காட்டினான். காட்டி, கொடுத்தான். 'காட்டிக்கொடு' என்ற சொல்லுக்குள் அந்தக் காட்சி முழுவதும் இருக்கிறது.

'கொடு' இங்கே துணைவினை. சொல்லிக்கொடு, எழுதிக்கொடு, பிடித்துக்கொடு என்று வரும்போதெல்லாம், செய்கிற வேலையின் பயன் இன்னொருவருக்குப் போகிறது. 'காட்டிக்கொடு' என்பதிலும் அப்படித்தான். பயன் போவது எதிரிக்கு, அவ்வளவே வேறுபாடு. 'பஸ் ஸ்டாண்டுக்கு வழி காட்டிக்கொடுத்தார்' என்றால் உதவி. வழியைக் காட்டினால் நன்றி சொல்வோம், ஆளைக் காட்டினால் பழி வந்து சேரும்.

யூதாஸ் கதை வரும் மத்தேயு 26ஆம் அதிகாரத்திலேயே பேதுருவின் கதையும் வருகிறது. அந்த மனுஷனை அறியேன் என்று பேதுரு மறுதலிக்கும்போது, அங்கே நின்றவர்கள் 'உன் பேச்சு உன்னை வெளிப்படுத்துகிறது' என்கிறார்கள். கலிலேயாக்காரனின் பேச்சு வாடை. 1611இல் வந்த ஆங்கில பைபிள் யூதாசுக்கு 'பிட்ரே' என்றும், இந்த இடத்துக்கு 'பிவ்ரே' (bewray) என்றும் எழுதியது. இரண்டும் வேறு வேறு வேர். 'பிவ்ரே' பழைய ஆங்கிலத்தில் குற்றம்சாட்டுவதைக் குறித்த வினையிலிருந்து வந்தது. ஒலி நெருங்கியதால் அதன் பொருளும் பிட்ரேயோடு கலந்தது. பிவ்ரே இன்று வழக்கொழிந்து கிடக்கிறது. குரல், முகம், கை நடுக்கம் ஆகியவற்றோடு இன்றைய ஆங்கிலத்தில் பிட்ரே வரும்போது, அதில் அந்தச் செத்துப்போன சொல்லின் பங்கும் இருக்கிறது.

எங்கள் பக்கத்து ஆட்களுக்குப் பேதுருவின் நிலைமை நன்றாகவே புரியும். சென்னையில் எத்தனை வருஷம் இருந்தாலும், விளவங்கோட்டுக்காரர் கடையில் நின்று கொஞ்சம் தண்ணீருக்கு 'இத்திரி வெள்ளம் தாங்க' என்று கேட்டுவிட்டால் தீர்ந்தது. மரவள்ளிக் கிழங்கை 'மரச்சீனி' என்று சொன்னால் கேட்கவே வேண்டாம். 'பேச்சே காட்டிக்குடுத்திட்டே மக்கா' என்று பக்கத்தில் நிற்கும் ஊர்க்காரர் தோளில் தட்டுவார். வள்ளுவரும் இதே வினையைத்தான் எடுத்தார்: 'அடுத்தது காட்டும் பளிங்குபோல் நெஞ்சம் கடுத்தது காட்டும் முகம்.' மனசுக்குள் மிகுந்திருப்பதை முகம் காட்டிவிடும். குரல், முகம், பேச்சு எதுவானாலும் 'காட்டு' போதும், துரோகத்தை இழுக்க வேண்டாம்.

துரோகம் எங்கே வேண்டும்? நம்பிக்கை முன்னாலேயே இருந்து, அது உடைகிற இடத்தில். வடசேரி பஸ் ஸ்டாண்டில் முன்பின் தெரியாதவன் போலி வாட்ச்சைத் தலையில் கட்டினால் அது ஏமாற்று, மோசடி. பத்து வருஷம் கூடவே தொழில் செய்தவன் கணக்கை மாற்றினால் அது துரோகம். சட்டம் இதற்கு 'நம்பிக்கை மோசடி' என்று தனிச்சொல் வைத்திருக்கிறது. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் 405, 406ஆம் பிரிவுகள், 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவில் 316. நம்பி ஒப்படைத்த சீட்டுப் பணத்தைத் தன் கைக்குள் போட்டுக்கொண்டால் 'நம்பிக்கைத் துரோகம்' என்று வீட்டில் புலம்பலாம். புகார் மனுவில் 'நம்பிக்கை மோசடி' என்றே எழுத வேண்டும்.

வேற்றுமை உருபிலும் கவனம் வேண்டும். பிட்ரே நேரே செயப்படுபொருளை எடுக்கும். அந்தப் பழக்கத்தில் 'நாட்டைத் துரோகம் செய்தான்' என்று எழுதுகிறார்கள். தமிழில் 'நாட்டுக்குத் துரோகம் செய்தான்', 'நண்பனைக் காட்டிக்கொடுத்தான்.' ஒன்றுக்கு 'கு', மற்றதற்கு 'ஐ'. யாரிடம் என்பதும் சேர்ந்தால் 'நண்பனைப் போலீசுக்குக் காட்டிக்கொடுத்தான்' என்று மூன்று பேரும் வரிசையாக நிற்பார்கள்.

மற்ற இடங்கள் எளிது. ரகசியத்தை பிட்ரே செய்தால் 'வெளியே விட்டான்'. வாத்தியாரிடம் போய்ச் சொன்னால் 'போட்டுக்கொடுத்தான்'. கொள்கையை என்றால் 'கைவிட்டார்'. நம்பியிருந்த மழை பெய்யாமல் கும்பப்பூ (இரண்டாம் போக நெல்) நடவு கெட்டால் 'மழை பொய்த்துவிட்டது'. இந்தக் கடைசிச் சொல்லுக்கு இணையாக ஆங்கிலத்தில் ஒற்றை வினை எனக்குக் கிடைக்கவில்லை.

களியக்காவிளை தாண்டினால், காட்டிக்கொடுப்பதை மலையாளத்தில் 'ஒற்றிக்கொடுக்குக' என்பார்கள். நம் 'ஒற்று'தான் அது. குறளில் ஒற்றாடல் 59ஆம் அதிகாரம், அரசனின் கண்ணாக வேலை செய்பவன் ஒற்றன், அதில் இழிவே இல்லை. மலையாளத்தில் அதே சொல் இழிபொருளுக்கு இறங்கிவிட்டது. நாகர்கோவிலில் யாராவது 'வீட்டை ஒத்திக்குக் கொடுத்தேன்' என்றால் பதற வேண்டாம், அது முன்பணம் வாங்கி வீட்டை விடுவது. வேறு சங்கதி.

காட்டிக்கொடுப்பவனை 'எட்டப்பன்' என்று பெயர்க்கும் வழக்கத்தை நான் ஏற்கவில்லை. 1799இல் கட்டபொம்மன் புதுக்கோட்டைச் சீமையில் பிடிபட்டு கும்பினியிடம் (கிழக்கிந்தியக் கம்பெனி) ஒப்படைக்கப்பட்டார், அக்டோபர் 16 அன்று கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டார். எட்டயபுரத்துப் பாளையக்காரரான எட்டப்பன் கும்பினிப் பக்கம் வெளிப்படையாகவே நின்றவர். எதிரணியில் நின்றவரைக் குற்றம் சொல்லலாம். ஆனால் காட்டிக்கொடுக்க, முதலில் கூட இருந்திருக்க வேண்டும்.

பெயர்ச்சொல்லாக வரும் 'பிட்ரேயல்' என்பதற்கு, வடமொழி வழிவந்த துரோகத்தோடு, 'இரண்டகம்' என்ற தமிழ்ச்சொல்லும் இருக்கிறது. இரண்டு, அகம் என்று பிரித்து இரட்டை மனம் என்று பொருள் சொல்வது வழக்கம். 'உண்ட வீட்டுக்கு இரண்டகம் நினைக்காதே' என்று பெரியவர்கள் இன்னும் சொல்கிறார்கள், 'ரெண்டகம்' என்று. எழுத்தில் அது அருகிவிட்டது. அடுத்த முறை 'நட்புக்குத் துரோகம்' என்று எழுதப் போகிறவர்கள் 'நட்புக்கு இரண்டகம்' என்று ஒரு தடவை எழுதிப் பார்க்கட்டும்.